கிராண்ட் டூரர் கூபே: வாங்கும் முன்னும் வாங்கிய பின்னும் கேட்கப்படும் கேள்விகள்

கூபே எனப்படும் இரண்டு கதவு சொகுசுக் கார் வாங்க நினைப்பவர்கள் "நீங்களும் கூட வந்து பாருங்கள்" என்று என்னை அழைத்துப் போவது பல வருடப் பழக்கம். காரும் ஆளும் மாறினாலும் கேள்விகள் பெரும்பாலும் மாறுவதில்லை. கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே அவற்றை இங்கே தருகிறேன். அவசரக்காரர்கள் பழைய கார் பற்றிய கேள்விகளுக்கு நேராகப் போய்விடலாம். பணம் போகிற இடம் அதுதான்.

கிராண்ட் டூரர் என்றால் என்ன? ஸ்போர்ட்ஸ் கார்தானே?

இல்லை. ஸ்போர்ட்ஸ் காரை வளைவுகளை மனதில் வைத்துச் செய்கிறார்கள், கிராண்ட் டூரரைத் தூரத்தை மனதில் வைத்து. இரண்டு பேர், அவர்களுடைய பெட்டிகள், ஐந்நூறு அறுநூறு கிலோமீட்டர். வேகமாகவும் போக வேண்டும், இறங்கும்போது முதுகு வலிக்கவும் கூடாது. இன்ஜின் பெரும்பாலும் முன்னால் இருக்கும். நீளமான இரண்டு கதவுகள், உண்மையிலேயே பெட்டி கொள்ளும் டிக்கி, பெரிய பெட்ரோல் டேங்க்.

1951-ல் வந்த லான்சியா அவுரேலியா பி20-ஐ இந்த வகையின் முதல் கார் என்று பலர் சொல்வார்கள். அடுத்த வருடமே பென்ட்லியின் ஆர் டைப் கான்டினென்டல் வந்தது. இன்றைக்கு இந்த வரிசையில் பென்ட்லி கான்டினென்டல் ஜிடி, ஆஸ்டன் மார்ட்டின் டிபி12, மசெராட்டி கிரான்டூரிஸ்மோ, லெக்ஸஸ் எல்சி 500 ஆகியவற்றைச் சொல்லலாம்.

பின்னால் 'ஜிடி' என்று எழுதியிருந்தால் அது இந்த வகைதானே?

ஜிடி என்பது கிராண்ட் டூரரின் சுருக்கம்தான், ஆனால் அந்த இரண்டு எழுத்தை நம்பாதீர்கள். போர்ஷே 911 ஜிடி3 என்பது பந்தயத் தடத்துக்கு உறவுக்காரன். இரைச்சலும் இறுக்கமான சஸ்பென்ஷனும் அதன் இயல்பு. அதே போர்ஷே 1977-ல் காட்டிய 928-ன் பெயரில் இந்த எழுத்துகள் இல்லை. ஆனால் முன்னால் எட்டு சிலிண்டர் கொண்ட வி8 இன்ஜின், பின்னால் கியர்பாக்ஸ், நீண்ட பயணத்துக்கான இருக்கை என்று அது அசல் கிராண்ட் டூரர். 1978-ல் ஐரோப்பாவின் 'ஆண்டின் சிறந்த கார்' விருதையும் வாங்கியது. ஆறாவது மணி நேரத்தில் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். வகை தெரிந்துவிடும்.

பின்சீட்டில் ஆள் உட்கார முடியுமா?

குழந்தைகள் உட்காரலாம். பெரியவர்கள் அரை மணி நேரம் பொறுத்துக்கொள்வார்கள். வாங்குபவர்களில் பாதிப் பேர் கடைசியில் அதைக் கோட்டும் கைப்பையும் வைக்கத்தான் பயன்படுத்துகிறார்கள். குழந்தை இருக்கை மாட்டும் எண்ணம் இருந்தால் அந்த இருக்கையையே ஷோரூமுக்கு எடுத்துப் போங்கள். அதை மாட்டும் கொக்கி இருந்தும், முன்சீட்டைச் சாய்த்த இடைவெளியில் இருக்கை உள்ளே நுழையாத கார்கள் உண்டு.

இரண்டே கதவு. பார்க்கிங்கில் என்ன கஷ்டம் வந்துவிடப் போகிறது?

கதவு நீளம் என்பதுதான் கஷ்டம். நான்கு கதவுக் காரில் பாதி திறந்தாலே இறங்கிவிடலாம். இதில் பக்கத்துக் கார் நெருக்கமாக நின்றால் வெளியே வரவே வழி இருக்காது. சுவர் ஓரமாகவோ தூண் பக்கமாகவோ நிறுத்தி, ஓட்டுநர் பக்கத்தில் இடம் விடப் பழகிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. இந்தக் கதவுகளின் கண்ணாடிக்குப் பெரும்பாலும் சட்டம் கிடையாது. கைப்பிடியை இழுத்ததும் கண்ணாடி சில மில்லிமீட்டர் தானாக இறங்கும், கதவை மூடியதும் மேலேறி ரப்பருக்குள் உட்காரும். பேட்டரி இறந்துவிட்டால் அது இறங்காது. அப்போது கதவைப் பிடுங்கித் திறந்தால் ரப்பரும் ஓர அலங்காரப் பட்டையும் அடி வாங்கும். மெதுவாக, கண்ணாடியை உள்பக்கம் லேசாக அழுத்தியபடி திறக்க வேண்டும். பல மாடல்களில் பேட்டரி டிக்கிக்குள் இருக்கிறது, டிக்கியைத் திறக்கவோ மின்சாரம் வேண்டும். மறைவான சாவித்துளை எங்கே இருக்கிறது என்று வாங்கிய அன்றே தேடி வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு டன்னுக்கு மேல் எடை என்கிறார்கள். அவ்வளவு கனமான காரை வேகமாக ஓட்டுவது எப்படி இருக்கும்?

நேர்ச் சாலையில் கனம் தெரியவே தெரியாது. அதில்தான் ஆபத்து. 2003-ல் வந்த முதல் கான்டினென்டல் ஜிடியின் எடை 2,300 கிலோவுக்கு மேல், இன்ஜின் சக்தி 550 குதிரைத்திறனுக்கு மேல், உச்ச வேகம் மணிக்கு 318 கி.மீ. கேபின் அமைதியாக இருப்பதால் 140-ல் போகும்போது 90-ல் போகிற மாதிரி இருக்கும். ஆனால் 100-லிருந்து 140-க்குப் போனாலே பிரேக் தின்ன வேண்டிய ஆற்றல் கிட்டத்தட்ட இரட்டிப்பாகிறது. முதல் மாதம் ஸ்பீடோமீட்டரை நம்புங்கள், காதை நம்பாதீர்கள்.

வளைவில் இந்தக் காரை அவசரப்படுத்தக் கூடாது. வளைவுக்கு முன்பே, நேராக இருக்கும்போதே பிரேக்கை முடித்துக்கொண்டு, ஸ்டீயரிங்கை ஒரே அசைவாகத் திருப்பி, வெளியே வரும்போது ஆக்ஸிலரேட்டரைச் சீராக அழுத்தினால் கனமே காரைச் சாலையோடு பிடித்து வைக்கிற மாதிரி இருக்கும். பாதி வளைவில் பயந்து பிரேக் அடித்தால் முன்பக்கம் வெளியே தள்ளும்.

மலை இறக்கத்தில் ஸ்டீயரிங்குக்குப் பின்னால் இருக்கும் பேடிலால் கியரைக் குறைத்து, இன்ஜினையே வேகத்தைப் பிடிக்க விடுங்கள். கீழே வந்ததும் பிரேக்கை அழுத்திப் பிடித்தபடி நிற்க வேண்டாம். சூடேறிய டிஸ்க்கில் பேட் ஒரே இடத்தில் ஒட்டி நின்றால் பிறகு பிரேக் போடும்போது ஸ்டீயரிங் நடுங்கும். கொஞ்ச தூரம் மெதுவாக உருட்டி ஆறவிட்டு நிறுத்துங்கள்.

கம்ஃபர்ட் மோடிலேயே ஓட்டினால் வீண்தானே? ஸ்போர்ட் மோடு எதற்கு?

வீணே இல்லை. இந்தக் காரின் இயல்பு கம்ஃபர்ட் மோடில்தான் இருக்கிறது. ஸ்போர்ட் மோடில் சஸ்பென்ஷன் இறுகும், கியர் தாமதமாக மாறும், சத்தம் கூடும். பல கார்களில் இண்டிவிஜுவல் என்று ஒரு மோடு இருக்கும். அதில் இன்ஜினையும் கியரையும் ஸ்போர்ட்டிலும் சஸ்பென்ஷனை மென்மையிலும் வைத்துப் பாருங்கள். மேடு பள்ளமான சாலையில் மென்மையான சஸ்பென்ஷன்தான் டயரைத் தரையோடு வைத்திருக்கும், அதனால் வேகமும் அதில்தான் கூடுதல்.

காலையில் ஸ்டார்ட் செய்து எவ்வளவு நேரம் சூடாக்க வேண்டும்?

நிறுத்தி வைத்துச் சூடாக்கத் தேவையில்லை. அரை நிமிடம் போதும், பிறகு மெதுவாக ஓட்டியே சூடாக்குங்கள். நின்ற இடத்தில் ஓடும் இன்ஜின் மெதுவாகத்தான் சூடாகும். அந்த நேரம் முழுக்கப் பெட்ரோல் அதிகமாகப் பாயும். கியர்பாக்ஸும் டயரும் அப்போதும் குளிராகவே இருக்கும்.

இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலண்டின் வெப்பத்தைக் காட்டும் முள் நடுவுக்கு வந்ததும் இன்ஜின் தயார் என்று நினைத்துவிடுகிறார்கள். ஆயில் சூடாக அதைவிட நேரம் ஆகும். ஆயில் வெப்பநிலையைக் காட்டும் கார் என்றால் 80 டிகிரியைத் தாண்டும் வரை முழு வேகம் வேண்டாம். காட்டாத கார் என்றால் கூலண்ட் முள் நடுவுக்கு வந்த பிறகும் இன்னொரு பத்து நிமிடம் பொறுங்கள்.

நெடுஞ்சாலையிலிருந்து வந்ததும் உடனே இன்ஜினை அணைத்தால் டர்போ கெட்டுவிடும் என்கிறார்களே?

பழைய கார்களுக்கு அது உண்மைதான். இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் இந்த டர்போ கொதிக்கும்போது அதற்குள் ஆயில் நின்று கருகும். இப்போதைய பல கார்களில் இன்ஜின் நின்ற பிறகும் மின்சாரப் பம்ப் கூலண்டைச் சுற்றிக்கொண்டிருக்கும். நிறுத்திய பின் பானெட்டுக்குள் கேட்கும் முனகல் பெரும்பாலும் அதுவோ ஃபேனோதான், பயப்பட வேண்டாம். கடைசி இரண்டு மூன்று கிலோமீட்டரை நிதானமாக ஓட்டி வந்தாலே வேலை முடிந்தது. மலை உச்சியில் முழு மூச்சோடு ஏறி வந்து அங்கேயே அணைப்பது மட்டும் கூடாது.

பெட்ரோல் எவ்வளவு குடிக்கும்? ஆக்டேன் 95 போட்டால் போதுமா?

நிறையக் குடிக்கும். முதல் தலைமுறை கான்டினென்டல் ஜிடிக்கு 90 லிட்டர் டேங்க். நிதானமாக ஓட்டினால் ஒரு டேங்குக்கு 500 கி.மீ.க்குக் கொஞ்சம் மேலே வரும். நகர நெரிசலில் அதையும் எதிர்பார்க்காதீர்கள்.

ஆக்டேன் என்பது பெட்ரோல் தானாக வெடிக்காமல் தாங்கும் அளவு. அந்த விஷயத்தில் பெட்ரோல் மூடியின் உள்பக்கம் எழுதியிருப்பதுதான் சட்டம். குறைவான ஆக்டேன் போட்டால் இன்ஜினுக்குள் எழும் தட்டலை உணரும் நாக் சென்சார் கண்டுபிடித்து இக்னிஷன் நேரத்தைத் தள்ளி இன்ஜினைக் காப்பாற்றிவிடும். கூடவே சக்தி குறையும், மைலேஜும் குறையும். அவசரத்துக்கு ஒரு முறை பரவாயில்லை, ஆக்ஸிலரேட்டரை முழுதாக அழுத்தாமல் ஓட்டுங்கள். தேவைக்கு மேல் உயர்ந்த ஆக்டேன் போடுவதில் பெரிதாக லாபமும் இல்லை.

தினமும் ஓட்டலாமா? கிலோமீட்டர் ஏறினால் மதிப்பு போய்விடுமே?

தாராளமாக ஓட்டலாம். முதல் சில வருடங்களில் மதிப்பு விழுவதற்குக் கிலோமீட்டரைவிட வயதுதான் பெரிய காரணம். கொட்டகையில் நின்றாலும் அது விழுந்துகொண்டேதான் இருக்கும். நான் பார்த்த கார்களில் அதிகத் தொல்லை கொடுத்தவை ஓடாத கார்கள்தான். ஆயில் சீல் காய்கிறது, ஏசி வாயு கசிகிறது, டயர் ஒரு பக்கம் தட்டையாகிறது, பேட்டரி சாகிறது. பிரேக் டிஸ்க் துருப்பிடிக்கிறது. பத்து வருடத்தில் மிகக் குறைவாக ஓடிய காரைச் சிலர் பெருமையாகக் காட்டுவார்கள். நானாக இருந்தால் ஒழுங்காக ஓடி, ஒழுங்காக சர்வீஸ் பார்த்த காரைத்தான் எடுப்பேன்.

நெரிசலில் நாலு கிலோமீட்டர் போய் வருவதே உங்கள் தினசரி என்றால் மட்டும் யோசியுங்கள். இன்ஜின் சூடாவதற்குள் அணைந்துவிடும்.

வாரம் ஒருமுறை ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து வைக்கிறேன். அது போதாதா?

அதைவிடச் சும்மா விட்டாலே நல்லது. ஐந்து நிமிடத்தில் ஆயில் சூடாகாது. எரிபொருள் எரியும்போது உண்டாகும் நீராவி ஆயிலிலும் சைலன்சரிலும் தண்ணீராகத் தங்கும். ஸ்டார்ட் எடுக்கச் செலவான மின்சாரம்கூட பேட்டரிக்குத் திரும்பி வராது. ஓட்டினால் அரை மணிக்குக் குறையாமல் ஓட்டுங்கள். ஓட்ட முடியாவிட்டால் பேட்டரியை விடாமல் பார்த்துக்கொள்ளும் சார்ஜரை மாட்டிவிட்டு, டயரில் காற்றைக் கொஞ்சம் கூட்டி வைத்து, காரை நிம்மதியாக நிற்க விடுங்கள். இந்தக் கார்களில் பூட்டிய பிறகும் விழித்திருக்கும் கணினிகள் ஏராளம். சார்ஜர் இல்லாமல் மூன்று நான்கு வாரம் நின்றாலே பேட்டரி இறங்கிவிடலாம்.

பத்து வருடம் பழைய கூபே ஒரு சாதாரணப் புதுக் காரின் விலைக்கே கிடைக்கிறது. ஏன் வாங்கக் கூடாது?

வாங்கலாம். ஆனால் ஒன்று தெரிந்துகொண்டு வாங்குங்கள். காரின் விலைதான் இறங்கியிருக்கிறது, உதிரிபாகத்தின் விலை இறங்கவில்லை. காரைத் தாங்கும் காற்றுப் பையான ஒரு ஏர் ஸ்பிரிங்குக்கும் ஒரு ஹெட்லைட்டுக்கும் இன்றும் அந்தக் கார் புதிதாக இருந்தபோதைய தகுதிக்கேற்ற விலைதான். யானையை மலிவாக வாங்கிவிடலாம், தீனி மலிவாகக் கிடைக்காது.

உழைப்புக் கூலியும் அப்படியே. பன்னிரண்டு சிலிண்டரையும் இரண்டு டர்போவையும் ஒரு பானெட்டுக்குள் அடைத்திருப்பார்கள். சின்ன ரப்பர் குழாய் ஒன்றை மாற்றக்கூட இன்ஜினையே கழற்றி இறக்க வேண்டிய கார்கள் இருக்கின்றன. குழாயின் விலை அற்பம், அதைத் தொடுவதற்கான கூலியோ பயமுறுத்தும். ஆகவே கையில் உள்ள பணம் முழுவதையும் காருக்கே கொடுக்காதீர்கள். முதல் வருடத்துக்கென்று ஒரு நல்ல தொகையைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு, மிச்சத்தில் வாங்கக் கூடிய காரைத் தேடுங்கள். முந்தைய உரிமையாளர் தள்ளிப்போட்ட வேலைகள் எல்லாம் அந்த வருடத்தில்தான் வரிசையாக வரும்.

சரி, அப்படியென்றால் வாங்கும் முன் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

முதலில், இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது பார்க்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். போய்ச் சேர்ந்ததும் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் அதன் காரணத்தைக் கேளுங்கள். டைமிங் செயின் சத்தம், புகை, தடுமாற்றம் எல்லாம் முதல் அரை நிமிடத்தில் வெளிப்பட்டு, சூடானதும் மறைந்துவிடும்.

அடுத்தது டயர். நான்கும் ஒரே நிறுவனம், ஒரே மாதிரிதானா? பக்கச் சுவரில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் வருடம் 23-ஆம் வாரம் செய்தது. இத்தனை விலையுள்ள காருக்கு ஆளுக்கொரு விதமாக மலிவு டயர் போட்டவர் ஆயிலை மட்டும் ஒழுங்காக மாற்றியிருப்பார் என்று நான் நம்புவதில்லை. சர்வீஸ் புத்தகத்தில் முத்திரை மட்டும் போதாது, பில் வேண்டும். வருடாவருடம் ஆயில் மாற்றியிருக்க வேண்டும், குறைவாக ஓடியிருந்தாலும்.

பிறகு காரில் உள்ள எல்லாப் பொத்தான்களையும் அழுத்துங்கள். விற்பவர் முகம் சுளிப்பார், பரவாயில்லை. இருக்கையின் ஒவ்வொரு அசைவு, கண்ணாடி, டிக்கி மோட்டார், சஸ்பென்ஷன் உயரம், பார்க்கிங் பிரேக். தரைவிரிப்பைத் தூக்கி ஈரம் இருக்கிறதா என்று கையால் பாருங்கள். வடிகால் துளை அடைத்துத் தண்ணீர் உள்ளே வந்தால் தரைக்கடியில் இருக்கும் கணினிப் பெட்டிகள் போய்விடும். கடைசியாக, இந்த மாடலைத் தெரிந்த ஒரு மெக்கானிக் ஸ்கேனர் போட்டு, லிஃப்டில் ஏற்றி அடியில் பார்க்க வேண்டும். அதற்கு மறுக்கும் விற்பனையாளரிடம் பேரம் பேசுவதில் அர்த்தமில்லை.

காலையில் கார் ஒரு பக்கம் தாழ்ந்து நிற்கிறது. ஸ்டார்ட் செய்ததும் எழுந்துவிடுகிறது. விட்டுவிடலாமா?

விடக் கூடாது. நான்கு மூலையும் ஒரே அளவு கொஞ்சம் இறங்கினால் அது இரவுக் குளிரில் காற்று சுருங்கியதாக இருக்கலாம். ஒரு மூலை மட்டும் இறங்கினால் அந்த ஏர் ஸ்பிரிங்கிலோ அதன் குழாயிலோ கசிவு. ஒவ்வொரு காலையும் அதை எழுப்பக் கம்ப்ரஸர் கூடுதலாக உழைக்கிறது, உழைத்துச் சூடாகி ஒருநாள் அதுவும் போகும். அப்போது ஸ்பிரிங்கோடு கம்ப்ரஸரும் மாற்ற வேண்டும். சோப்புத் தண்ணீர் தெளித்து நுரை வருகிறதா என்று பார்த்தாலே பல கசிவுகள் பிடிபடும்.

பஞ்சரில் ஒரு டயர் போச்சு. அது ஒன்றை மட்டும் மாற்றினால் போதாதா?

நான்கு சக்கரமும் இயங்கும் காரா என்பதைப் பொறுத்தது. ஆம் என்றால், புதிய டயரின் சுற்றளவு மற்றவற்றைவிடப் பெரிதாக இருக்கும். சக்கரங்கள் வெவ்வேறு வேகத்தில் சுற்றுவதால் முன், பின் சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் நடு டிஃபரன்ஷியல் ஓய்வில்லாமல் தேயும். மற்ற மூன்றும் கிட்டத்தட்ட புதியவை என்றால் ஒன்றை மட்டும் மாற்றலாம், எத்தனை மில்லிமீட்டர் வித்தியாசம் அனுமதி என்று கையேட்டில் இருக்கும். பின்சக்கர இயக்கம் என்றால் ஒரே அச்சில் உள்ள இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள்.

பக்கச் சுவரில் கார் நிறுவனத்துக்கென்று ஒரு குறி இருக்கும். போர்ஷேவுக்கு என் என்ற எழுத்து, பிஎம்டபிள்யூவுக்கு நட்சத்திரம். அதே பெயர், அதே அளவு என்றாலும் குறி மாறினால் உள்கட்டமைப்பு மாறியிருக்கலாம். பழையதில் என்ன குறி இருந்ததோ அதையே கேட்டு வாங்குங்கள்.

கார்பன் செராமிக் பிரேக் போட்ட கார் வருகிறது. எடுக்கலாமா?

எடை குறைவு, துரு இல்லை, வீலில் கருந்தூசி படியாது, மலை இறக்கத்தில் தளராது. முன்பு சொன்ன கனத்தை நிறுத்துவதற்கு அருமையான பொருள். சாதாரணமாக ஓட்டினால் பல வருடம் வரும். ஆனால் வீலைக் கழற்றும்போது இடித்து ஓரம் உடைந்தால் முழு டிஸ்க்கையும் மாற்ற வேண்டும், அந்தப் பில்லைப் பார்த்தால் தூக்கம் வராது. வாங்கும் முன் நான்கு டிஸ்க்கின் ஓரத்தையும் டார்ச் அடித்துப் பாருங்கள். டயர் கடைக்குப் போனால் பக்கத்திலேயே நில்லுங்கள். பழைய காரில் இதைத் தேடிப் போய் வாங்கச் சொல்ல மாட்டேன், இரும்பு டிஸ்க்கே நன்றாகத்தான் நிறுத்துகிறது.

கம்பெனி சர்வீஸில்தான் விட வேண்டுமா?

வாரண்டி இருக்கும் வரை அங்கே விடுங்கள். முடிந்த பிறகு, அந்த மாடலை மட்டுமே பார்க்கும் தனி மெக்கானிக் கிடைத்தால் அவர் பல நேரம் மேல். அவரிடம் அந்த நிறுவனத்தின் கணினிக் கருவி இருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள். பேட்டரி மாற்றினால்கூடச் சில கார்களில் புதிய பேட்டரியைக் கணினியில் பதிய வேண்டும்.

டபிள்யூ12 வாங்கலாமா, வி8 போதுமா?

வி8. டபிள்யூ12 என்ற பென்ட்லி இன்ஜினின் பன்னிரண்டு சிலிண்டர் தரும் வழுக்கல் ஒரு தனிச் சுகம்தான், மறுக்கவில்லை. ஆனால் 2012-ல் கான்டினென்டல் ஜிடிக்கு வந்த நான்கு லிட்டர் வி8-ல் மூக்கின் கனம் குறைந்தது. சுமை இல்லாதபோது நான்கு சிலிண்டரை அணைத்து எரிபொருளையும் மிச்சப்படுத்தியது. பானெட்டுக்குள் கைவிடவும் கொஞ்சம் இடம் கிடைத்தது. பழைய கார் பற்றிய பதிலில் கூலியைப் பற்றிச் சொன்னதை இங்கே நினைவில் கொள்ளுங்கள். பென்ட்லி டபிள்யூ12 உற்பத்தியை 2024-ல் நிறுத்திவிட்டது. சேகரித்து வைக்கும் ஆசை இருந்தால் மட்டும் அதன் பக்கம் போங்கள். டர்போவே வேண்டாம் என்பவர்களுக்கு லெக்ஸஸ் எல்சி 500-ன் ஐந்து லிட்டர் வி8 இருக்கிறது.

இனிமேல் எல்லாம் எலெக்ட்ரிக்தானே? காத்திருக்கலாமா?

அமைதியும் சீரான இழுவையும்தான் இந்த வகையின் உயிர் என்றால் மின் மோட்டார் அதற்கு இயல்பாகவே பொருந்தும். ரோல்ஸ் ராய்ஸ் ஸ்பெக்டரும் மூன்று மோட்டார் கொண்ட மசெராட்டி கிரான்டூரிஸ்மோ ஃபோல்கோரேவும் ஏற்கனவே வந்துவிட்டன. இடிக்கிற இடம் தூரம். நினைத்த இடத்தில் ஐந்து நிமிடம் நிறுத்தி டேங்க்கை நிரப்பிக்கொண்டு போவதுதான் இந்தக் காரின் சுதந்திரம். சார்ஜ் செய்யும் இடத்தை ஒட்டிப் பயணத்தைத் திட்டமிட வேண்டியிருந்தால் அதில் பாதி போய்விடுகிறது. ஸ்பெக்டரின் எடையும் 2,900 கிலோவை ஒட்டி வருகிறது.

2024-ல் வந்த கான்டினென்டல் ஜிடி நடுவழியில் நிற்கிறது: வி8-உம் உண்டு, சார்ஜ் செய்யும் பேட்டரியும் உண்டு. ஊருக்குள் சத்தமில்லாமல், வெளியே பெட்ரோலில். அதற்குப் பதிலாக இழந்தது இடம்: டிக்கி முன்பைவிடச் சுருங்கிவிட்டது. பெட்டியோடு போய் வைத்துப் பாருங்கள்.

வாங்கிவிட்டேன். முதல் நெடும்பயணத்துக்கு முன் என்ன செய்ய வேண்டும்?

டயர் குளிர்ந்திருக்கும்போது காற்றைப் பாருங்கள். கதவுத் தூணிலோ பெட்ரோல் மூடியிலோ ஒட்டியிருக்கும் அட்டவணையில் பெட்டியோடு வேகமாகப் போவதற்குத் தனி அளவு இருந்தால் அதையே வையுங்கள். பல கூபேக்களில் ஸ்டெப்னி கிடையாது. பஞ்சர் அடைக்கும் திரவமும் சின்ன கம்ப்ரஸரும்தான் இருக்கும். அந்தத் திரவப் புட்டியிலும் காலாவதித் தேதி உண்டு, படித்துப் பாருங்கள். டயருக்குள் சத்தம் குறைக்கும் பஞ்சு ஒட்டியிருந்தால் அந்தத் திரவம் அதை நாசமாக்கும், அதனால் அது கடைசி வழி.

ஏர் சஸ்பென்ஷன் காரை ஜாக்கியில் தூக்கும் முன் அதற்கென்று உள்ள ஜாக் மோடைப் போட வேண்டும். மெனுவில் எங்கே இருக்கிறது என்று வீட்டிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். இழுத்துச் செல்லும் கொக்கி எங்கே, அதைத் திருகும் துளை பம்பரில் எங்கே என்பதையும். கார் நின்றுவிட்டால் சக்கரங்கள் தரையில் உருள இழுக்க விடாதீர்கள், முழுக் காரையும் ஏற்றிச் செல்லும் வண்டியைத்தான் கேட்க வேண்டும்.